மூண்டாம் தவணைக் கடிதம்: கச்சேரிகளும், இரவில பிள்ளையளை ஏத்துறதும்

அன்பான அம்மா அப்பாமாருக்கும், சனிக்கிழமையில பிள்ளையளைக் கொண்டுவந்து விடுற அம்மம்மா அப்பப்பாமாருக்கும் வணக்கம்.

இரண்டாம் தவணை முடியப்போகுது. பொங்கலும் மரபுத் திங்கள் விழாவும் வடிவா நடந்தது, சனமும் நல்லா வந்தது, பேச்சுப்போட்டிக்குப் போன பிள்ளையள் எல்லாரும் நல்லாச் செய்தவை, வயலினில புதுசாச் சேர்ந்த சின்னனுகள் சரளி வரிசை முடிச்சு அடுத்த பாடமான ஜண்டை வரிசைக்கு வந்திட்டினம், மிருதங்க வகுப்பில சத்தம் கூடிப்போச்சு எண்டு பக்கத்து வகுப்பு ரீச்சர் முறைப்பாடு சொல்லுறா, அதையும் நான் முன்னேற்றத்தில தான் சேர்க்கிறன். எல்லாருக்கும் பாராட்டுக்கள்.

இனி வரப்போற கச்சேரிகளைப் பற்றி. ரொறொன்ரோவில இருந்துகொண்டு உலக இசையை நேர கேக்காமல் பிள்ளையளை வளர்க்கிறது பாவம், ஏனெண்டால் உலகத்தில எங்க இருந்து கலைஞர் வெளிக்கிட்டாலும் ஒருநாள் இந்த ஊருக்கு வருவினம். மூண்டாம் தவணையில ரெண்டு இரவுக் கச்சேரிக்கு பஸ் பிடிச்சுப் போறம். முதலாவது புளோர் வீதியில இருக்கிற கேர்னர் ஹோல் எண்ட கச்சேரி மண்டபம். 2009 இல திறந்தது, 1135 இருக்கை, மேடைக்கு மேல மரத்தை நாடா மாதிரி முறுக்கி முறுக்கி ஓடவிட்டிருக்கிறாங்கள், பிள்ளையள் முதல் பத்து நிமிசம் அதைத் தான் பார்ப்பினம், பாக்கட்டும். அங்க மேற்கு ஆபிரிக்காவின்ர கோரா கேக்கப்போறம். அரைச் சுரைக்குடுவைக்கு மாட்டுத்தோல் போட்டு, நீளக் கழுத்து வைச்சு, 21 நரம்பு கட்டின வாத்தியம். ரெண்டு கையின்ர பெருவிரலும் சுட்டுவிரலும் தான் வாசிக்கிறது, மிச்ச விரலெல்லாம் பிடிச்சுக்கொள்ளுறதுக்கு. பரம்பரையா வாற குடும்பங்கள் தான் இதைக் கூடுதலா வாசிக்கிறவை. 2024 இல காலமான மாலி நாட்டு துமானி ஜபாத்தேயின்ர தகப்பன் சிடிகியும் கோரா, மகனும் கோரா, மகனுக்கும் பாட்டன்ர பேர் சிடிகி தான். இணுவில், அளவெட்டிப் பக்கத்துத் தவில், நாதஸ்வரக் குடும்பங்களைத் தெரிஞ்ச ஆக்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை, யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின்ர தகப்பனும் தவில்காரர் தானே.

ரெண்டாவது வின்ஃபோர்ட் டிரைவில இருக்கிற ஆகா கான் மியூசியம், 2014 இல திறந்தது. அங்க ஊத் எண்ட அரபு நரம்பு வாத்தியக் கச்சேரி. வீணையில விரல் வைக்கிற இடம் காட்டுற மெட்டுக்கள் இருக்கிற மாதிரி ஊத்தில இல்லை, விரலை எங்க வைக்கிறதெண்டு காது தான் சொல்லவேணும், அதால வயலின் படிக்கிற பிள்ளையளைக் கட்டாயம் அனுப்புங்கோ. "கர்நாடக சங்கீதம் படிக்க விட்டனாங்கள், ஏன் ரீச்சர் அரபிப் பாட்டுக்குக் கூட்டிக்கொண்டு போறியள்" எண்டு ஒரு அப்பா கேட்டவர், அவருக்கும் இது தான் மறுமொழி. கோடையில ஹாபர்ஃபிரன்ற் ஏரிக்கரையில இலவசமா நடக்கிற நிகழ்ச்சிகளுக்கு பள்ளிக்கூடம் பஸ் போடாது, அது குடும்பமாப் போக வேண்டிய இடம், கதிரையும் தண்ணிப் போத்திலும் கொண்டுபோனால் காணும்.

இப்ப நான் உண்மையில எழுத வந்த விசயம்.

போன தவணை ரஷ்யாவில இருக்கிற துவாப் பகுதியின்ர தொண்டைப் பாட்டுக்குப் போட்டு வந்தம், ஒரு தொண்டையில ரெண்டு சுரம் ஒரே நேரத்தில வாற பாட்டு, பஸ்ஸில திரும்பி வரேக்க நாலாம் வகுப்புப் பெடியள் எல்லாரும் வாய்க்குள்ள தண்ணி கொப்புளிக்கிற மாதிரி அதைச் செய்து பாத்துக்கொண்டு வந்தவை, எனக்கு அவ்வளவு சந்தோசம். பத்தே முக்காலுக்கு பஸ் பள்ளிக்கூடப் பார்க்கிங்குக்கு வந்திட்டுது. பத்தே முக்கால் எண்டு தான் கடிதத்திலயும் போட்டனாங்கள், வட்ஸ்அப்பிலயும் போட்டனாங்கள், வெளிக்கிடேக்க டொன் வலி நெடுஞ்சாலையில நிண்டு திரும்பவும் போட்டனாங்கள். முக்கால்வாசிப் பேர் வந்து நிண்டவை, அவைக்கு இந்தப் பகுதி இல்லை, அவை கடைசிப் பந்திக்குப் போகலாம்.

மிச்சப் பிள்ளையள் பனிக்குள்ள நிண்டவை. சனிக்கிழமை வகுப்புக்கு நாங்கள் எடுக்கிற கட்டட அனுமதி (பேமிற்) பகலுக்குத் தான், இரவில கட்டடம் பூட்டு, உள்ள விட ஏலாது. பஸ்காரருக்கும் அவற்ர மணித்தியாலக் கணக்கு இருக்கு, பாவம் பதினைஞ்சு நிமிசம் கதவைத் திறந்து வைச்சிருந்திட்டுப் போட்டார். எங்கட காரில ஏத்தி சூடு போட்டு வைச்சிருக்கலாமே எண்டு நீங்கள் கேப்பியள், ஒரு ரீச்சர் தன்ர காருக்குள்ள மற்றவையின்ர பிள்ளையைத் தனிய வைச்சிருக்க எங்கட விதியில இடமில்லை, அந்த விதி உங்கட பிள்ளையின்ர பாதுகாப்புக்குத் தான். அப்ப என்ன செய்தனாங்கள், எல்லாருமாச் சேர்ந்து ரோட்டுக்கு அங்கால ரிம் ஹோட்டன் கோப்பிக்கடைக்கு நடந்து போய், ஹொட் சொக்லேற் வாங்கிக் குடுத்து, கண்ணாடியால பார்க்கிங்கைப் பாத்துக்கொண்டு இருந்தனாங்கள். எட்டு வயதுப் பிள்ளை ஒண்டு ஒவ்வொரு கார் லைற்றுக்கும் எழும்பி ஜக்கெற் சிப்பை மேல இழுக்கும், கார் கடந்து போகும், திரும்ப இருக்கும். வாய் திறந்து ஒண்டும் சொல்லேல்லை. கடைசிப் பிள்ளை வீட்ட போகேக்க பன்னிரண்டு ஆகிப்போச்சு.

காரணங்கள் எனக்குத் தெரியாமல் இல்லை. டொன் வலியை சனி ஞாயிறில திருத்த வேலைக்குப் பூட்டுறாங்கள், 401 நெடுஞ்சாலை எந்த நேரமும் நெரிசல் தான், இரவு வேலைக்குப் போற அம்மாமார் இருக்கினம், ஒரு காரை வைச்சு ரெண்டு வேலைக்கு ஓடுற வீடுகள் இருக்கு, 2023 ஜூலையோட ஸ்காபரோ ஆர்.ரீ. ரயில் நிண்டதுக்குப் பிறகு கெனடி ஸ்ரேசனில இறங்கி பஸ்ஸுக்கு நிக்கிற ஆக்களின்ர பாடு எனக்கும் தெரியும், நானும் அந்த பஸ்ஸில வாறனான் தான். அதால ஆரையும் குற்றம் சொல்லுறதுக்கு இதை எழுதேல்லை. பிந்தும் எண்டால் பின்னேரமே ஒரு மெசேஜ் போடுங்கோ, ஆரையாவது ஒழுங்கு செய்யலாம். "அஞ்சு நிமிசத்தில வாறன்" எண்டு போட்டிட்டு நாப்பது நிமிசத்தால வாறது தான் எங்களை ஒண்டும் செய்யவிடாமல் பண்ணுது.

இன்னொண்டும் இருக்கு. அண்டைக்கு ஒருத்தர் வந்து "தங்கச்சியை ஏத்தச் சொன்னவை" எண்டார். பட்டியலில அவற்ர பேர் இல்லை. ஆர் எண்டு பிள்ளையைக் கேட்டால் "மாமா" எண்டுது. எங்கட ஆக்களில ஆர் தான் மாமா இல்லை? தாயிட்ட ஃபோன் எடுத்தால் வேலையில நிண்டு எடுக்கேல்லை. அவரையும் குளிருக்குள்ள வைச்சுக்கொண்டு அரை மணித்தியாலம் நிண்டம், அவர் நல்ல மனுசன், கோவிக்கேல்லை. ஆனால் பட்டியலில இல்லாத ஆளிட்ட, அவர் உண்மையாவே தாய்மாமனா இருந்தாலும், இரவு பதினொரு மணிக்கு நான் பிள்ளையைக் குடுக்கமாட்டன்.

அதால இந்தத் தவணையிலயிருந்து இப்பிடித் தான். சம்மதப் படிவத்தில பிள்ளையை ஏத்தக்கூடிய ரெண்டு பேரின்ர பேரும் ஃபோன் நம்பரும் கட்டாயம் வேணும், ரெண்டாவது ஆள் அண்டைக்கு இரவு வேலையில இல்லாத ஆளா இருக்கவேணும். பஸ் வாறதுக்குப் பத்து நிமிசம் முதல் பார்க்கிங்கில நில்லுங்கோ. சொல்லாமல் பிந்தி வந்தால் முதல் முறை நான் உங்களோட கதைப்பன். ரெண்டாம் முறையும் நடந்தால் அடுத்த கச்சேரிக்கு அந்தப் பிள்ளைக்கு ரிக்கெற் இருக்கும், பஸ்ஸில இடம் இருக்காது, நீங்களே ஹோலுக்குக் கொண்டுவந்து விட்டு, முடிஞ்சாப் போல நீங்களே வாசலில நிண்டு கூட்டிக்கொண்டு போகவேணும். கேர்னர் ஹோலுக்கு சென் ஜோர்ஜ் ஸ்ரேசனில இறங்கினால் நடக்கிற தூரம் தான். கச்சேரி தொடங்கினாப் பிறகு வந்தால் இடைவெளி வரும்வரைக்கும் வெளிய தான் நிக்கவிடுவினம், "ரீச்சர் ஒருக்காச் சொல்லி உள்ள விடுங்கோ" எண்டு எனக்கு எடுக்காதேங்கோ, அங்க என்ர சொல்லு எடுபடாது. பிந்துறதுக்குக் காசு அறவிடச் சொல்லி நிர்வாகத்தில கேட்டவை, நான் தான் வேண்டாமெண்டு மறிச்சு வைச்சிருக்கிறன். பத்து டொலர் குடுத்தால் பிந்தலாம் எண்டு ஆகிப்போடும், எனக்குத் தேவை உங்கட காசில்லை, நீங்கள் அங்க நிக்கிறது.

கடுமையா எழுதிப்போட்டன் போல, பொறுத்துக்கொள்ளுங்கோ. இந்தப் பள்ளிக்கூடம் ஓடுறதே உங்களால தான் எண்டு எனக்கு வடிவாத் தெரியும். அண்டைக்கு தங்கட பிள்ளையை ஏத்தினாப் பிறகும் போகாமல் எங்களோட கடைசிவரைக்கும் இருந்த ரெண்டு அப்பாமாருக்கும், பஸ்ஸுக்கு பற்றிஸும் ரோல்ஸும் செய்து தந்த அம்மாமாருக்கும் (காரத்தைக் கொஞ்சம் குறைச்சால் சின்னனுகளும் சாப்பிடுங்கள்), பனிக்குள்ள நிண்ட தொண்டர் ஆசிரியருக்கும் மனமார்ந்த நன்றி. அண்டைக்குப் பிந்தி வந்த நாலைஞ்சு பேர் அடுத்த நாளே எடுத்துக் கதைச்சவை, அவைக்கும் நன்றி, அவையில ஒருத்தர் அடுத்த முறை பார்க்கிங்கில தானே முதல் ஆளா நிண்டு பட்டியல் பாக்கிறன் எண்டு சொல்லியிருக்கிறார்.

படிவம் வாற சனிக்கிழமை பிள்ளையின்ர பையுக்குள்ள வரும், அதுக்கு அடுத்த சனிக்குள்ள கையெழுத்து வைச்சு ரிக்கெற் காசோட திருப்பித் தாங்கோ. காசு கஷ்டம் எண்டால் என்னோட தனியக் கதையுங்கோ, அதுக்காக ஒரு பிள்ளையும் நிக்கத் தேவையில்லை. தொப்பி, கையுறை, நல்ல சப்பாத்து.

அன்புடன்,
தலைமை ஆசிரியை