பாரிஸில் படித்தவர் வருகிறார் சரி, கூட யார் வருகிறார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

கோடை விடுமுறை நெருங்கினாலே இந்திரா நகர், கோரமங்களா பக்கம் வசனத்தை விட உடலசைவை முக்கியமாகக் கொண்ட ‘பிசிக்கல் தியேட்டர்’ நாடகப் பயிற்சி முகாம் அறிவிப்புகள் முளைத்துவிடுகின்றன. பாரிஸில் படித்தவர் நடத்துகிறார், பத்து நாள், கடைசியில் சான்றிதழ். பெங்களூருத் தமிழ்க் குடும்பங்களும் ஆர்வமாகப் பிள்ளைகளைச் சேர்க்கிறார்கள். நடத்துகிறவரைப் பற்றி இணையத்தில் அலசிப் பார்க்கும் பெற்றோர், அவரோடு கூட வேலை செய்பவர்கள் யார் யார் என்று கேட்பதே இல்லை. பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான்.

இந்த அறிவிப்புகளில் அதிகம் அடிபடும் பெயர் பிரெஞ்சு நாடக ஆசிரியர் ழாக் லெகோக். உடற்பயிற்சி ஆசிரியராக இருந்து நாடகத்துக்கு வந்தவர். எட்டு ஆண்டுகள் இத்தாலியில் வேலை பார்த்துவிட்டு 1956இல் பாரிஸில் பள்ளி தொடங்கினார். 1976 முதல் அது இயங்கியது ஒரு பழைய குத்துச்சண்டைக் கூடத்தில். 1999 ஜனவரியில் அவர் காலமானபோது பள்ளியை மூடவில்லை. மனைவி ஃபே லெகோக் பொறுப்பை ஏற்றார். அங்கேயே படித்து, கற்பிப்பதற்கென்று தனியாகவும் பயின்ற பழைய மாணவர்கள் ஆசிரியர்களாக இருந்தார்கள். பெயருக்குரியவர் போன பிறகும் வகுப்புகள் தொடர்ந்தன என்றால், அது இவர்களால்.

அங்கே உடலசைவு வகுப்பு தனி, இம்ப்ரொவைசேஷன், அதாவது எழுதிவைத்த வசனம் இல்லாமல் அந்த நேரத்தில் தோன்றுவதை நடிக்கும் வகுப்பு தனி. இவை போக, தினமும் ஒன்றரை மணி நேரம் அளவுக்கு ஆசிரியரே இல்லாத வேளை ஒன்று உண்டு. கொடுத்த தலைப்பில் மாணவர்கள் குழுவாகத் தாங்களே காட்சி கட்டி, வார இறுதியில் பள்ளியில் உள்ள எல்லோர் முன்பும் செய்து காட்ட வேண்டும். இங்குள்ள முகாம்களில் முதலில் வெட்டப்படுவது இந்த வேளைதான். வாத்தியார் இல்லாத நேரத்துக்கு ஏன் பணம் கொடுக்க வேண்டும் என்று பெற்றோர் கேட்பார்களோ என்ற பயம். படிப்பில் பாதி அதோடு போய்விடுகிறது. ஆசிரியர் இல்லை என்றால் கூடத்தில் ஆளே இல்லை என்றும் பொருளில்லை. சாவி, விளக்கு, முதலுதவிப் பெட்டி, ஐஸ் இவற்றுக்குப் பொறுப்பாக ஒருவர் அங்கேயே இருந்தாக வேண்டும்.

ஒரே ஆள் எல்லாம் செய்யும் முகாமில்தான் அடிபடுகிறது. தோள்வழி உருள்வதை எடுத்துக்கொள்ளுங்கள். வலது தோளில் இறங்கினால் முதுகின் குறுக்காகப் போய் இடது இடுப்பில் முடிய வேண்டும். முகவாய் நெஞ்சோடு ஒட்டியிருக்க வேண்டும். தலை நட்டநடுவில் தரையைத் தொட்டால் பாரம் முழுவதும் கழுத்தில் இறங்கும். முதலில் குந்திய நிலையிலிருந்து, பிறகு நின்று, அதன் பிறகே நடந்து வந்து. இருபது பிள்ளைகள் ஒரே நேரத்தில் உருளும்போது ஓர் ஆசிரியரால் இருபது கழுத்துகளைப் பார்க்க முடியுமா? உதவி ஆசிரியர் ஒருவர் பக்கவாட்டில் முட்டிபோட்டு உட்கார்ந்து, ஒவ்வொருவராக அனுப்ப வேண்டும். எங்கள் கணக்கில் இருபது பேருக்கு உடலசைவுக்கு ஒருவர், இம்ப்ரொவைசேஷனுக்கு ஒருவர், உதவிக்கு ஒருவர், தாளத்துக்கு ஒருவர், கூடத்தையும் பொருள்களையும் பார்த்துக்கொள்ள ஒருவர். ஐந்து பேருக்குக் குறைந்தால் மாணவர் எண்ணிக்கையைக் குறைப்பதே நியாயம்.

இது என்ன பெரிய வெளிநாட்டு விஷயமா? கூத்து வாத்தியார் யாரும் தனியாக ஊருக்குப் போவதில்லை. மிருதங்கம், முகவீணை, ஆர்மோனியம், பின்பாட்டு எல்லாம் கூடப் போகும். கல்யாண முருங்கையில் செதுக்கிக் கண்ணாடித் துண்டு பதித்த கட்டைகளை, அதாவது வேடத்துக்கான மர அணிகளை, யார் எடுத்து வைப்பது, யார் கட்டிவிடுவது என்பதெல்லாம் அங்கே முன்பே தீர்ந்த விஷயம்.

அந்தக் கட்டைகளுக்குக் கிடைக்கும் கவனம் இங்கே மாஸ்க்குக்குக் கிடைப்பதில்லை. லெகோக் வழியில் முதலில் வருவது நியூட்ரல் மாஸ்க். சிரிப்பும் இல்லாத, சோகமும் இல்லாத, முழு முகத்தையும் மூடும் தோல் மாஸ்க். அவருக்கு அதைச் செய்துகொடுத்தவர் படோவா நகரச் சிற்பி அம்லேத்தோ சர்தோரி. அது முகத்தை விடச் சற்றே பெரிதாக இருக்க வேண்டும். முகத்தோடு ஒட்டினால் மூச்சும் முட்டும், நடிப்பும் கெடும். போட்டுக்கொண்டு பேசக் கூடாது, முன்பக்கத்தைக் கையால் தொடக் கூடாது. பார்ப்பவர்களுக்கு முதுகு காட்டி அணிந்துகொண்டு, பிறகுதான் திரும்ப வேண்டும். தூக்கத்திலிருந்து முதன்முறையாக விழிப்பது போன்ற எளிய பயிற்சியில் தொடங்கி, பிறகு கடல், காடு, மலை, ஆறு, பாலைவனம் என்று ஒரு பயணம். இங்கே சில இடங்களில் பிளாஸ்டிக் முகமூடி மாட்டிவிட்டு, “கோபத்தைக் காட்டு” என்கிறார்கள். கோபம் காட்டுவதற்கு நியூட்ரல் மாஸ்க் எதற்கு?

தோல் மாஸ்க் ஐந்தாறு பேர் மாற்றி மாற்றிப் போட்டால் வியர்வையில் ஊறிவிடும். ஒவ்வொருவர் கழற்றியதும் உலர்ந்த பருத்தித் துணியால் உட்புறத்தை ஒற்றி எடுக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. நிழலில், காற்றில் உலர்த்த வேண்டும். வெயிலில் வைத்தால் தோல் விறைத்து, விளிம்பு சுருண்டு, கண் துளையின் ஓரத்தில் வெடிப்பு விடும். பையில் மற்ற சாமான்களுக்கு அடியில் திணித்தால் மூக்கு நசுங்கும், பிறகு நிமிராது. இந்த வேலைக்கு ஆள் இல்லாத முகாமில் மூன்றாம் நாளே மாஸ்க் நாற ஆரம்பித்துவிடும்.

எல்லாவற்றுக்கும் மேலாகத் தரை. நம் ஊர் சமுதாயக் கூடங்களில் கிரானைட் அல்லது டைல்ஸ். கீழே கான்கிரீட். அதில் பத்து நாள் குதித்தால் முழங்காலும் கெண்டைக்கால் முன்னெலும்பும் வலி எடுக்கும். மெத்தை விரித்தால் தீர்ந்துவிடாது. உருள்வதற்கு மெத்தை சரி, குதித்து இறங்கினால் பாதம் அமிழ்ந்து கணுக்கால் பிசகும். இரண்டு மெத்தைகளுக்கு இடையிலுள்ள விரிசல் இன்னும் மோசம். இதற்கு வழி மரத்தளம் போடுவதுதான்: ரப்பர் துண்டுகள் மேல் இரண்டுக்கு இரண்டு அங்குல மரச்சட்டம், அதன்மேல் 12 மில்லிமீட்டர் ப்ளைவுட் இரண்டு அடுக்கு, மேல் அடுக்கின் இணைப்பு கீழ் அடுக்கின் இணைப்பு மேல் விழாதபடி. ஆணி வேண்டாம், தலை உள்ளே அமுங்கும் திருகு போடுங்கள். சுவரோரம் அரை அங்குலம் இடைவெளி விடாவிட்டால் மழைக்காலத்தில் மரம் உப்பி நடுவில் தூக்கிக்கொள்ளும். பினாயிலும் சோப்புத் தண்ணீரும் போட்டுத் துடைத்தால் வழுக்கும் படலம் தங்கும். நன்றாகப் பிழிந்த ஈரத்துணி போதும். தலைக்கு எண்ணெய் வைத்து வரும் பிள்ளை இரண்டு முறை உருண்டாலே தரையில் ஒரு பளபளப்பு வரும். அடுத்த பிள்ளை வழுக்குவது அதில்தான். தலையில் துணி கட்டிவிடுங்கள் அல்லது உடனே துடையுங்கள்.

தமிழ் அமைப்புகளின் கூடங்களை வாடகைக்கு விடுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். மூன்று மணி நேர வகுப்புக்கு நான்கு மணி நேரம் ஒதுக்குங்கள். முன்னால் அரை மணி தரை துடைத்து உலர, பின்னால் அரை மணி பொருள்களைத் துடைத்து எடுத்து வைக்க. அந்த ஒரு மணிக்கும் வாடகை வாங்குவதால், முகாம் நடத்துபவர்கள் முதல் நாளே துடைப்பத்தைக் கைவிட்டுவிடுகிறார்கள். முந்தின நாள் கல்யாணச் சாப்பாடு நடந்த கூடமென்றால், காலையில் சாவி கொடுக்கும் முன் உங்கள் ஆளை விட்டே ஒருமுறை தரையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
நாடகப் பயிற்சியாளர்கள் சிலர்,
அல்சூர், பெங்களூரு.