பாசி மூட்டைகளும் இரண்டாம் பருவமும்: பெற்றோருக்குக் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

அரையாண்டுத் தேர்வு நெருங்கிவிட்டது. இந்தப் பருவத்தில் தடகளத்திலும் ஓவியத்திலும் பிள்ளைகள் பரிசு வாங்கினார்கள். நூலகத்துக்குப் புது அலமாரி வந்திருக்கிறது. எல்லாருக்கும் பாராட்டுகள்.

இன்னொரு விஷயம். பதினொன்றாம் வகுப்புக்கு மாஸ் எனப்படும் பாசித் தாவரங்களைப் பார்த்துக் குறிப்பெழுதும் வேலை கொடுத்தோம். அதே வாரம், பாசி பரப்பி அலங்கரிக்கும் கிறிஸ்துமஸ் குடிலுக்கான போட்டியையும் அறிவித்தோம். அது எங்கள் தவறுதான். திங்கட்கிழமை ஆய்வகத்து வாசலில் பதினொரு சாக்கு மூட்டை பாசி. பலவற்றைச் சுமந்து வந்தது பிள்ளைகள் அல்ல, நீங்கள். உங்கள் ஆர்வம் புரிகிறது.

ஆனால் இந்தப் பாசி குளத்துப் பாசி மாதிரி இல்லை. அதற்கு வேர் கிடையாது. மெல்லிய இழைகளால் பட்டையையும் பாறையையும் பற்றிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் ஒரே இழுப்பில் பாய் போல உரிந்து வருகிறது. உரித்த இடம் மறுபடி மூட வருடக்கணக்காகும். பூவும் விதையும் இல்லை. ஆண் உயிரணு நீரில் நீந்திப்போனால்தான் கரு உண்டாகும். சோலைக்காட்டின் பனிமூட்டத்தைப் பஞ்சு போலப் பிடித்துவைத்துச் சொட்டுச் சொட்டாக விடுவதும் இதுதான். (மரக்கிளையில் தாடி போலத் தொங்கும் சாம்பல்நிறப் பொருளையும் இருவர் கொண்டுவந்தீர்கள். அது மாஸே இல்லை, பூஞ்சையும் ஆல்காவும் சேர்ந்து வாழும் லைக்கன்.)

நம் பழனி மலையின் மாஸ்களைச் கொடைக்கானல் அருகே செண்பகனூரில் இருந்த ஃபோரோ பாதிரியார் பல வருடம் சேகரித்து 1961இல் பட்டியலாக வெளியிட்டார். அவருக்கும் ஒரு வகைக்குக் கைப்பிடி அளவு போதுமாக இருந்திருக்கும்.

காப்புக்காட்டிலிருந்து அனுமதியில்லாமல் எதை எடுத்தாலும் குற்றம். இனி ஒரு மூட்டையும் பள்ளி வாசலைத் தாண்டாது. பறித்த பாசியோடு வரும் பதிவேட்டுக்கு மதிப்பெண் இல்லை. அந்தப் பாசி வைத்த குடில் போட்டியில் சேராது. யார் வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும் இதுதான்.

பார்க்க வேண்டியது பள்ளிக்குள்ளேயே இருக்கிறது. குப்பை எரித்த மூலையில் ஃபியூனேரியா என்ற மாஸ் வளர்ந்திருக்கிறது. தீப்பட்ட மண் அதற்குப் பிடிக்கும். அதன் செம்பழுப்புக் காம்பில் ஈரத் துணியை ஒற்றினால் முறுக்கிக்கொண்டு சுழலும். லென்ஸ் நாங்கள் தருகிறோம். படம் வரைந்தால் போதும். குடிலுக்குக் கேழ்வரகைத் தட்டில் விதையுங்கள், பத்து நாளில் பச்சைப்பசேல் என்று நிற்கும். நம் பாட்டிமார் செய்ததுதானே.

வந்த பாசியை வடக்குச் சுவர் நிழலில் பரப்பி, காவலர் காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்கிறார். காய்ந்தாலும் நனைத்தால் மீளும் இனங்கள் இதில் உண்டு. எத்தனை பிழைக்கும் என்று இப்போது சொல்ல முடியாது. எங்கள் பேச்சைக் கேட்டுப் பாதி வழியிலேயே மூட்டையைத் திருப்பி எடுத்துப்போனவர்களுக்கும், சாக்குக்குள் இருந்த குட்டித் தவளையை ஓடைவரை நடந்து போய் விட்டுவந்த அப்பாவுக்கும் மனமார்ந்த நன்றி.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்