அது டைகர் மாத் இல்லை

அன்புள்ள இளங்கோ,

தாத்தாவின் படங்களை நீ ஸ்கேன் செய்து அனுப்பியது எல்லாம் வந்து சேர்ந்தது. ஃபோனில் பார்க்கச் சரிப்படவில்லை. கம்ப்யூட்டரில் போட்டு, பெரிதாக்கி, ஒவ்வொன்றாகப் பார்த்தேன். "எல்லாவற்றுக்கும் டைகர் மாத் என்றே பெயர் போட்டுவிடட்டுமா அம்மா?" என்று கேட்டிருந்தாய். அவசரப்படாதே. நம் வீட்டில், விமானத்துக்கு மேலும் கீழுமாக இரட்டை இறக்கை இருந்தாலே அது டைகர் மாத் தான். உன் பெரியம்மா இன்றைக்கும் அப்படித்தான் சொல்வாள். ஆனால் வாழ்நாள் முழுக்க இந்த விமானங்களுக்கு அடியில் படுத்து வேலை பார்த்த மனுஷனின் படங்கள் இவை. பெயர் போடும்போது கொஞ்சம் பார்த்துப் போட வேண்டாமா?

முதல் படத்தையே எடுத்துக்கொள். தாத்தா இளவட்டமாக, ஓவரால் போட்டுக்கொண்டு ப்ரொப்பல்லர் பக்கத்தில் நிற்கிறார் இல்லையா? அவரை ஒரு நிமிடம் விட்டுவிட்டு விமானத்தின் மூக்கைப் பார். நான்கு சிலிண்டர் தலைகளும் தகட்டு மூடிக்கு மேலே துருத்திக்கொண்டு நிற்கின்றன. ப்ரொப்பல்லர் மூக்கின் கீழ்ப்பக்கத்தில் இருக்கிறது. இன்ஜின் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். அது ஜிப்ஸி மாத். டைகர் மாத்தில் இன்ஜினைத் தலைகீழாகத் தொங்கவிட்டிருப்பார்கள். சிலிண்டர்கள் கீழே போய்விடும், ப்ரொப்பல்லர் தண்டு மேலே வந்துவிடும், மூக்கின் மேல்கோடு முன்னால் போகப்போகச் சரிந்து இறங்கும். காக்பிட்டில் இருப்பவருக்கும் முன்னால் பார்க்க நல்ல வழி கிடைக்கும்.

அடுத்து இறக்கை. முதல் படத்தில் இரண்டு இறக்கைகளும் பக்கவாட்டில் நேராக நீட்டியிருக்கின்றன. டைகர் மாத்தில் அவை வாலைப் பார்த்துப் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். அழகுக்காகச் செய்தது இல்லை. ராணுவப் பயிற்சியில் முன் இருக்கைக்காரர் பாராசூட்டோடு வெளியே குதிக்க வேண்டி வந்தால், தலைக்கு மேலே இருக்கும் இறக்கையும் அதைத் தாங்கும் கம்பிகளும் வழியை மறித்தன. அதனால் மேல் இறக்கையின் நடுப்பகுதியை முன்னால் தள்ளினார்கள். தள்ளியதும் சமநிலை கெட்டுப்போனது. அதைச் சரிக்கட்ட இறக்கைகளைப் பின்னோக்கிச் சாய்த்தார்கள். 1931 அக்டோபரில் அது முதன்முதலாகப் பறந்தபோது கிடைத்த அந்தச் சாய்வுதான், இன்றைக்கும் நமக்கு அடையாளம்.

நடுவில் குழப்புகிறவன் ஒருவனும் உண்டு, மாத் மேஜர். மூக்கு டைகர் மாத் போலச் சரிந்திருக்கும். இறக்கை ஜிப்ஸி மாத் போல நேராக இருக்கும். உன் ஐந்தாம் படம் அதுதான். ஆறாம் படத்தில் இருப்பது சந்தேகமில்லாமல் டைகர் மாத். வாலின் கிடை இறக்கைக்குச் சற்று முன்னால், உடம்போடு ஒட்டி ஒரு நீளமான மெல்லிய தகடு தெரிகிறது பார். விமானம் சுழன்று விழத் தொடங்கினால் மீண்டு வர உதவும் என்று போர்க்காலத்தில் பொருத்தியது. ஆக, விமானம் எது என்பதோடு படம் எந்தக் காலத்துக்கு முந்தியதாக இருக்க முடியாது என்பதும் தெரிந்துவிட்டது.

இந்த மாத் குடும்பத்தின் கதையைத் தாத்தா சலிக்காமல் சொல்வார். முதல் மாத் 1925 பிப்ரவரி 22 அன்று லண்டனுக்கு வடக்கே ஸ்டாக் லேனில் பறந்தது. ஓட்டியவர் அதை உருவாக்கிய ஜெஃப்ரி டி ஹாவிலண்டே. முதல் உலகப் போர் முடிந்து எட்டு சிலிண்டர் இன்ஜின்கள் குவிந்து கிடந்த காலம். ஃபிராங்க் ஹால்ஃபோர்ட் என்ற பொறியாளர் அப்படி ஒரு இன்ஜினில் பாதியை எடுத்துக்கொண்டு நான்கு சிலிண்டர், 60 குதிரைத்திறன் என்று சிர்ரஸ் இன்ஜினைச் செய்துகொடுத்தார். 1928இல் அந்த உதிரி வாழ்க்கைக்கு முழுக்குப் போட்டு, சொந்தமாக 100 குதிரைத்திறனில் ஜிப்ஸி இன்ஜின் வந்தது. இறக்கைகளைப் பின்னால் மடித்து வைத்துவிடலாம் என்பதால் சின்னக் கொட்டகையே போதும். மூன்றாம் படத்தில் இறக்கை இல்லாமல் நிற்கிறதே, "உடைந்த விமானம்" என்று எழுதியிருக்கிறாயே, அது உடையவில்லை அப்பா. இறக்கையை மடித்து வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

ஏமி ஜான்சன் 1930 மே மாதம் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவின் டார்வின் வரை தனியாகப் போனதும் ஜிப்ஸி மாத்தில்தான். மே 5 கிளம்பி 24 அன்று இறங்கினார். அந்த விமானம் இன்னும் லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் தொங்குகிறது. ஆனால் தாத்தா அவரைக் கொண்டாடியது அதற்காக இல்லை. அதற்கு முந்தைய வருடமே அவர் விமான மெக்கானிக் உரிமம் வாங்கியிருந்தார், அதற்காகத்தான். "ஓட்டத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் உண்டு, கழற்றி மாட்டத் தெரிந்தவர்கள் யார்?" என்பார். பக்கச்சார்புதான். நான் மறுத்துப் பேசியதில்லை.

ஏமி ஜான்சனின் விமானத்தில் ஜி-ஏஏஏஎச் என்று எழுதியிருக்கும். இந்தப் பதிவெழுத்துதான் உனக்குக் கிடைக்கக்கூடிய பெரிய துப்பு. முதல் ஒன்றிரண்டு எழுத்துகள் நாட்டைச் சொல்லும்: ஜி என்றால் பிரிட்டன், என் என்றால் அமெரிக்கா, எஃப் பிரான்ஸ், டி ஜெர்மனி, விஎச் ஆஸ்திரேலியா, விடி இந்தியா. பிரிட்டனில் 1928இல் ஏஏ என்று தொடங்கும் வரிசை வந்தது. எழுத்துகளைப் பெரும்பாலும் வரிசையாகவே கொடுத்தார்கள், அதனால் எழுத்தை வைத்தே ஏறக்குறைய வருடம் சொல்லலாம். அந்நாட்டுச் சிவில் விமான ஆணையம் பழைய பதிவேட்டுப் பக்கங்களையே இணையத்தில் போட்டிருக்கிறது. எழுத்து முழுதாகத் தெரிந்தால் யார் வாங்கினார்கள், எப்போது விற்றார்கள் என்பது வரை பார்த்துவிடலாம். அமெரிக்க விமானத்தில் என்னுக்கு அடுத்து சி என்று இருந்தால் அது பழைய முறை. 1948 முடிவோடு அதைக் கைவிட்டார்கள். ஆனால் மறுபடி பெயின்ட் அடிக்கும் வரை பழைய எழுத்தோடேயே பறந்த விமானங்கள் உண்டு, அதனால் அதை மட்டும் நம்பி வருடம் எழுதிவிடாதே. உடம்பின் பக்கவாட்டில் எழுத்து தெரியாவிட்டால் இறக்கையின் அடியில் பார். அங்கே பெரிதாக எழுதியிருப்பார்கள்.

தாத்தா படங்களின் பின்னால் விமானத்தின் பெயரை எழுதியதே இல்லை. கடைசி இரண்டு எழுத்தை மட்டும் பென்சிலில் குறித்து வைப்பார். ஹேங்கரில், அதாவது விமானக் கொட்டகையில், பேசுவதும் அப்படித்தான். "கேஎம்முக்கு டயர் மாற்றியாச்சா?" என்பார்கள். எந்த ரகம் என்பது அவர்களுக்கு ஒரு விஷயமே இல்லை.

படங்களில் வராத ஒன்றையும் சொல்கிறேன். அந்த ஹேங்கருக்குள் நுழைந்தாலே நகப்பூச்சு பாட்டிலைத் திறந்தது மாதிரி ஒரு நெடி அடிக்கும். இறக்கை முழுக்கத் துணி. மரச் சட்டத்தின் மேல் துணியை இழுத்துத் தைத்து, டோப் என்ற திரவத்தைக் கை கையாகப் பூசுவார்கள். காயக் காயத் துணி சுருங்கி விறைத்துக்கொள்ளும். தாத்தா போகிற போக்கில் விரலால் சுண்டிப் பார்ப்பார், டங்கென்று சத்தம் வர வேண்டும். வெயில் சாய்வாக விழுந்திருக்கும் ஆறாம் படத்தை முழு அளவுக்குப் பெரிதாக்கினால், இறக்கையில் அந்தத் தையல் வரிசைகள் புடைத்துத் தெரியும்.

ஏழாம் படத்தில் அவர் கையைப் பார்த்தாயா? அப்போது ஸ்டார்ட்டர் எல்லாம் கிடையாது, ப்ரொப்பல்லரைக் கையால் சுழற்றிவிட வேண்டும். விரல்களை மடக்கிப் பிடிக்கவில்லை, உள்ளங்கையையும் விரல்களையும் தகடாக வைத்து அழுத்துகிறார். மடக்கிப் பிடித்தால் இன்ஜின் எதிர்ப்பக்கம் உதைக்கும்போது கையையும் சேர்த்து இழுத்துவிடும். கால் ஒன்று ஏற்கெனவே பின்னால் போயிருக்கிறது, சுழற்றிய வேகத்திலேயே விலகிப் போவதற்கு. சக்கரத்துக்கு முன்னால் கட்டை வைத்திருக்கிறார்கள். அந்தப் படத்துக்கு விமானத்தின் பெயர் போடாவிட்டாலும் பரவாயில்லை, "தாத்தா இன்ஜின் கிளப்புகிறார்" என்று கட்டாயம் எழுது.

அப்புறம் ஒற்றை இறக்கை விமானங்கள். ஒன்பதாம் படம் பைப்பர் கப். இறக்கை தலைக்கு மேலே, சிலிண்டர்கள் மூக்கின் இரண்டு பக்கமும் காது போல வெளியே. கண்ணாடிக்கு முன்னால் ஒரு கம்பி குச்சியாக நிற்கிறது பார், அதுதான் பெட்ரோல் மீட்டர்! டாங்கிக்குள் ஒரு தக்கை மிதக்கும், அதில் செருகிய கம்பி மூடி வழியாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பெட்ரோல் குறையக் குறையக் கம்பியும் இறங்கும். இதைவிட எளிமையாக ஒரு மீட்டரை யாரும் செய்துவிட முடியாது என்பது என் கட்சி. தனியாக ஓட்டுகிறவர் பின் இருக்கையில்தான் உட்கார வேண்டும். படத்தில் முன் இருக்கை காலியாக இருப்பதன் காரணம் அதுதான், விமானி இறங்கிப் போய்விடவில்லை. 1938இலிருந்து 1947 வரை 20,000க்குச் சற்றுக் குறைவாகக் கட்டினார்கள்.

"கப் மஞ்சளாகத்தானே இருக்கும், இது கருஞ்சாம்பலாக இருக்கிறதே" என்று நீ கேட்பாய். கறுப்பு வெள்ளைப் படத்தில் நிறத்தை நம்பாதே. அந்தக் காலத்து ஃபிலிம் பலவற்றுக்குச் சிவப்பு தெரியாது; சிவப்பு கறுப்பாகவும் மஞ்சள் மங்கியும் நீலம் வெளுத்தும் விழும்.

பத்தாம் படத்தையும் கப் என்று எழுதியிருக்கிறாய். அது ஆஸ்டர். ஏமாந்ததில் தப்பில்லை, இரண்டும் பங்காளிகள். டெய்லர் என்பவரும் பைப்பரும் சேர்ந்து தொழில் செய்து பிரிந்தார்கள். கப் பைப்பரிடம் தங்கியது, டெய்லர் தனியாக டெய்லர்கிராஃப்ட் ஆரம்பித்தார். அந்த வடிவமைப்பை இங்கிலாந்தில் கட்டத் தொடங்கிய நிறுவனம்தான் பிறகு ஆஸ்டர் ஆனது. மூக்கைப் பார், சிலிண்டர் எதுவும் வெளியே தெரியவில்லை. கப்பில் ஒருவர் பின்னால் ஒருவர் உட்காருவார்கள். இதில் இரண்டு பேர் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

பதினோராம் படம் வி வடிவ வால், பீச்கிராஃப்ட் பொனான்ஸா. இதற்கு விளக்கமே வேண்டாம்.

எனக்கு ரொம்பப் பிடித்தது பன்னிரண்டாம் படம். செஸ்னா என்று சரியாகக் கண்டுபிடித்துவிட்டாய், 172 ரகம் என்று போட்டதுதான் உதைக்கிறது. வால் செங்குத்தாக நிமிர்ந்திருக்கிறது. அதே சமயம் முதுகுப்பக்கத்தில் கண்ணாடி ஜன்னலும் இருக்கிறது. 172க்கு 1960லேயே வால் பின்னோக்கிச் சாய்ந்துவிட்டது, பின்ஜன்னல் 1963இல்தான் வந்தது. ஆக, நிமிர்ந்த வாலும் பின்ஜன்னலும் ஒரே 172இல் சேர்ந்திருக்கவே முடியாது. அதன் தம்பி 150க்கு நேர்மாறாக நடந்தது. 1964இல் பின்ஜன்னல் வந்தது, வால் சாய்ந்தது 1966இல். இடையில் இரண்டே இரண்டு வருட மாடல்கள்தான் இப்படி இருக்கும். ஆகவே இது செஸ்னா 150, 1964 அல்லது 1965 மாடல். படம் எடுத்தது அதற்கு எத்தனை வருடம் கழித்தும் இருக்கலாம்.

பதிமூன்றாம் படத்தில் தெரிவது ஒரு இறக்கை நுனியும் தாத்தாவின் முதுகும் மட்டும். அதற்கு "உயர் இறக்கை விமானம், தாத்தா" என்று போட்டால் போதும். ஊகத்தைப் பெயராக எழுதிவிட்டால், நாளைக்கு உன் பிள்ளைகள் அதையே சத்தியம் என்று எடுத்துக்கொள்வார்கள். பார்த்துத் தெரிந்ததை ஒரு வரியிலும், ஊகத்தைக் கேள்விக்குறியோடு இன்னொரு வரியிலும் எழுது. பேனா வேண்டாம், மை ஊறி முன்பக்கம் வந்துவிடும். மென்மையான பென்சிலால், ஓரத்தில், அழுத்தாமல்.

நான்காம் படத்தை நீ இடம் வலம் மாற்றி ஸ்கேன் செய்திருக்கிறாய் என்று நினைக்கிறேன். நெகட்டிவிலிருந்து எடுத்தாயா? தாத்தாவின் சட்டைப் பை வலது பக்கம் இருக்கிறது. எழுத்து எதுவும் தெரியாத படங்களில் சட்டைப் பையையும் பொத்தானையும் ஒரு தடவை பார்த்துக்கொள். எட்டாம் படத்தில் காக்பிட்டுக்குள் தொப்பியோடு உட்கார்ந்திருக்கும் குழந்தை நான் இல்லை, உன் பெரியம்மா. அவளிடம் இந்தக் கடிதத்தைக் காட்டாதே. டைகர் மாத் விஷயத்தில் வாதத்துக்கு வந்துவிடுவாள்.

அடுத்த முறை எல்லாப் படங்களின் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்து அனுப்பு. பென்சில் குறி மங்கலாக இருக்கும், விளக்கைப் பக்கவாட்டில் வைத்துப் பார்த்தால் தெரியும். இரண்டாம் படத்தை மட்டும் இன்னும் பெரிய அளவில் எடு, இறக்கையின் அடியில் ஏதோ எழுத்து இருக்கிற மாதிரி படுகிறது.

அன்புடன்,
அம்மா