பாதி என்னிடமிருந்து வந்தது

அன்பு மகளுக்கு,

நேற்று போனில் நீ அழுதது இன்னும் காதிலேயே நிற்கிறது. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமிக்கு எதிராக மூன்று டோஸ் ஊசி போட்டும், உன் ரத்தத்தில் எதிர்ப்பொருள் பாதுகாப்புக்குத் தேவையான 10-ஐக்கூடத் தொடவில்லை. கூடப் படிக்கிற மற்றவர்களுக்கெல்லாம் நூற்றுக்கணக்கில் வந்திருக்கிறது. "என் உடம்புல என்னம்மா கோளாறு?" என்றாய். எனக்கு உடனே பதில் வரவில்லை.

கோளாறு இல்லை, கண்ணு. ஆரோக்கியமான பெரியவர்களிலேயே நூற்றுக்கு 5 முதல் 10 பேருக்கு இந்த ஊசி பிடிப்பதில்லை. வயது, எடை, புகை என்று பல காரணங்கள் சொல்கிறார்கள். உனக்கு அவை எதுவும் பொருந்தாததால் மரபணுவைத்தான் நினைக்கத் தோன்றுகிறது. 6-ஆம் குரோமோசோமில் எச்.எல்.ஏ. என்ற மரபணுக் கூட்டம் இருக்கிறது. ஊசியில் வரும் புரதத்தை நம் செல்கள் துண்டாக்கி, அந்த மரபணுக்கள் உருவாக்கும் எச்.எல்.ஏ. மூலக்கூறின் பள்ளத்தில் வைத்து, எதிர்ப்பை முடுக்கிவிடும் வெள்ளணுவான டி செல்லுக்குக் காட்டும். அந்தப் பள்ளத்தின் வடிவம் ஆளுக்கு ஆள் மாறும். துண்டு அதில் சரியாக உட்காராவிட்டால் டி செல் கண்டுகொள்ளாது. அது கை கொடுக்காமல் எதிர்ப்பொருள் பெருகாது.

அந்த மரபணுக்களில் பாதி நான் கொடுத்தது, பாதி அப்பா கொடுத்தது. தம்பிக்கு மட்டும் எப்படிப் பிடித்தது என்று கேட்டாயே, உடன்பிறந்த இருவருக்கு இது முழுதாக ஒத்துப்போக நாலில் ஒரு வாய்ப்புதான். இப்படி மாறி மாறி அமைந்ததை நான் குறையாக நினைக்கவில்லை. எல்லோருக்கும் ஒரே பள்ளம் இருந்தால், அதில் சிக்காத ஒரு கிருமி அத்தனை பேரையும் சாய்த்துவிடும்.

ஒரே ஊசி எல்லோருக்கும் போதாது என்பதை உன்னைப் போன்றவர்களிடமிருந்துதான் கற்றிருக்கிறார்கள். 2017-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஹெப்லிசாவ் ஊசியில், எதிர்ப்பைத் தட்டி எழுப்பும் துணைப்பொருளையே மாற்றினார்கள். இரண்டே டோஸ். மெலனோமா என்ற தோல் புற்றுநோய்க்கு இன்னும் ஒரு படி மேலே போய், நோயாளியின் கட்டியில் உள்ள மரபணு மாற்றங்களில் அவருடைய எச்.எல்.ஏ.வுக்குப் பொருந்துபவற்றை, 34 வரை, தேர்ந்தெடுத்து அவருக்கென்றே எம்.ஆர்.என்.ஏ. (எந்தப் புரதம் செய்ய வேண்டும் என்று செல்லுக்குச் சொல்லும் மூலக்கூறு) தடுப்பூசி செய்து சோதிக்கிறார்கள். படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நீ செய்ய வேண்டியது, இன்னொரு சுற்று ஊசியைத் தள்ளிப்போடாமல் போட்டுக்கொள்வது. பலருக்கு இரண்டாம் சுற்றில் பிடித்துவிடுகிறது. பிடிக்கும்வரை, வார்டில் நோயாளிக்குப் போட்ட ஊசி தவறி உன்மேல் குத்திவிட்டால் அன்றைக்கே மேலதிகாரியிடம் சொல், இம்யூனோகுளோபுலின், அதாவது தயாராக உள்ள எதிர்ப்பொருள் ஊசி, தேவைப்படலாம். மறைக்காதே.

கடைசி டோஸ் முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் மறுபடி ரத்தம் பார். என்ன எண் வந்தாலும் எனக்கு அனுப்பு.

அம்மா