ஆபரேட்டரைச் சேர்க்கும் முன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் ஆய்வுத் திட்டத்தைப் படித்து முடித்தேன். வகைகளையும் உறவுகளையும் விதிகளாக எழுதும் தர்க்க மொழியான டிஸ்கிரிப்ஷன் லாஜிக்கில் புதிதாக ஓர் ஆபரேட்டரை, அதாவது வகைகளிலிருந்து புது வகையை உண்டாக்கும் ஒரு சொல்லை, சேர்த்து, அதற்கு டேப்லோ அல்காரிதம் (விதிகள் எல்லாம் பொருந்தும் ஒரு மாதிரியைக் கணு கணுவாகக் கட்டிப் பார்க்கும் முறை) எழுதி, முதல் கட்டுரையாக்கப் போகிறாய். தாராளமாகச் செய். ஆனால் ஆபரேட்டரைச் சேர்ப்பது ஒரு சாயங்கால வேலை. சேர்த்ததால் எது உடைந்தது என்று கண்டுபிடிப்பதுதான் வருஷக்கணக்கில் இழுக்கும்.

1984-ல் பிராக்மன், லெவெக் என்ற ஆய்வாளர்கள் இதை அப்பட்டமாகக் காட்டினார்கள். ஒரு வகை இன்னொரு வகைக்குள் அடங்குமா என்பதை ஒரு சின்ன மொழியில் பாலினாமியல் நேரத்தில், அதாவது உள்ளீடு பெரிதானாலும் கட்டுக்குள் நிற்கும் நேரத்தில், சொல்லிவிடலாம். அதே மொழியில் ஒரே ஓர் ஆபரேட்டரைக் கூட்டினால் கேள்வி கோ-என்பி கடினமாகிவிடும்; அதாவது, வேகமான வழி இருக்காது என்றே நம்பப்படுகிறது. அதற்கு அப்புறமும் 'எல்லா' என்ற அளவுச்சொல் இல்லாத மொழி ஒரு மொழியா என்ற நினைப்பு துறையில் வெகுகாலம் இருந்தது. 'எல்லா'வை எடுத்துவிட்டு 'ஒன்றாவது உண்டு' என்பதை வைத்துக்கொண்ட ஈ.எல். மொழியை 2000-க்குப் பிறகுதான் ஒழுங்காக ஆராய்ந்தார்கள். பொது ஆக்சியங்கள் ('இந்த வகையினர் எல்லாரும் அந்த வகையினர்' போன்ற விதிகள்) இருந்தாலும் அது பாலினாமியல் நேரத்திலேயே முடிகிறது! மூன்று லட்சத்துக்கும் அதிகமான கருத்துகள் கொண்ட ஸ்னோமெட் சி.டி. என்ற மருத்துவச் சொல் தொகுப்பை இன்று சாதாரண கணினியிலேயே வகைப்படுத்த முடிவது இதனால்தான். ஆகவே கூட்டும் முன் எதையாவது கழித்துப் பார். என்னைக் கேட்டால், கழித்தலில் இன்னும் நல்ல கட்டுரைகள் மிச்சம் இருக்கின்றன.

இனி உன் அல்காரிதம். பொது ஆக்சியம் வந்தாலே டேப்லோ ஓயாமல் கணுக்களை உண்டாக்கும். ஒரு கணு என்பது ஓர் ஆள்; அவரைப் பற்றி எழுதியவை அதன் லேபிள். 'ஒவ்வொருவருக்கும் ஒரு பெற்றோர் உண்டு' என்ற ஒரு விதி போதும்: பெற்றோர், அவருடைய பெற்றோர் என்று முடிவே வராது. அதை நிறுத்தத்தான் பிளாக்கிங். கீழே உள்ள கணுவின் லேபிள் மேலே உள்ள கணுவின் லேபிளுக்குள் அடங்கினால் கீழ்க்கணுவை விரிக்காமல் விட்டுவிடுவோம். 'எல்லா', 'ஒன்றாவது உண்டு', 'அல்ல' மூன்றும் உள்ள ஏ.எல்.சி. என்ற அடிப்படை மொழிக்கு இது சரி. நீ தலைகீழ் உறவையும், அதாவது 'பெற்றோர்' இருந்தால் 'பிள்ளை'யையும், அனுமதிக்கிறாய். ஆனாலும் அதே பிளாக்கிங்கை வைத்திருக்கிறாய். அங்கேதான் இடிக்கிறது.

இதைத் தாளில் போட்டுப் பார். விதி ஒன்றே ஒன்று: ஒவ்வொருவருக்கும் 'என் பேரப்பிள்ளைகள் எல்லாரும் மருத்துவர்கள்' என்ற பண்புள்ள ஒரு பெற்றோராவது உண்டு. கேள்வி: அந்தப் பண்பு இருந்தும், தான் மருத்துவர் அல்லாத ஒருவர் இருக்க முடியுமா? முடியாது. அவருடைய பெற்றோருக்கும் விதிப்படி அந்தப் பண்புள்ள ஒரு பெற்றோர் உண்டு. அவருக்கு நம் ஆள் பேரப்பிள்ளை; ஆக மருத்துவராகத்தான் இருக்க வேண்டும்.

உன் நிரல் என்ன செய்யும்? முதல் கணுவில் 'மருத்துவர் அல்லர்', 'பண்பு உண்டு' இரண்டும் இருக்கும். அடுத்த கணுவில் 'பண்பு உண்டு' மட்டும். இரண்டாவது முதலாவதுக்குள் அடங்குகிறது, பிளாக் ஆகிவிடும். மூன்றாவது கணு பிறக்கவே பிறக்காது, முரண்பாடு கண்ணில் படாது, 'முடியும்' என்று விடை வரும். பச்சைத் தவறு. இங்கே லேபிள் அடங்கினால் போதாது, இரண்டும் சமமாக இருக்க வேண்டும். அதோடு, கீழிருந்து தகவல் மேலே ஏறி லேபிள் மாறினால், போட்ட பிளாக்கை எடுத்துவிட்டு மறுபடி விரிக்கவும் தெரிந்திருக்க வேண்டும். 'குறைந்தது இத்தனை பேர்', 'அதிகபட்சம் இத்தனை பேர்' என்ற எண்ணிக்கைக் கட்டுப்பாடும் சேர்ந்துவிட்டால் அதுவும் பற்றாது. முடிவுள்ள மாதிரியே இல்லாத, ஆனால் முரண்பாடும் இல்லாத விதித்தொகுப்புகள் அங்கே வரும். கணுவோடு அதன் முன்கணு, இடையிலுள்ள உறவு எல்லாவற்றையும் ஜோடியாக ஒப்பிட வேண்டும்.

எண்ணிக்கை என்றதும் இன்னொன்று. உள்ளீட்டில் எண்கள் இருமத்தில் எழுதப்படுகின்றனவா, கோடு போட்டு எண்ணுவதுபோல் ஒருமத்திலா என்று முதல் பக்கத்திலேயே சொல்லிவிடு. 'குறைந்தது பத்து லட்சம் பேர்' என்பதற்கு இருமத்தில் 20 இலக்கம் போதும். உன் டேப்லோ உண்டாக்குவதோ பத்து லட்சம் கணுக்கள். ஒருமத்தில் உண்மையான தேற்றம் இருமத்துக்குத் தானாக வந்துவிடாது. இதைச் சொல்லாமல் விட்ட கட்டுரையை மதிப்பீட்டாளர் முதல் கேள்வியிலேயே மடக்கிவிடுவார்.

உன் கணக்கு குறைந்தது எவ்வளவு கடினம் என்று காட்டும் கீழ்வரம்பு நிரூபணத்தில் வழக்கமாக நடப்பது, திசையை மாற்றிப் போடுவது. கடினம் என்று ஏற்கெனவே தெரிந்த கணக்கை உன்னுடையதாக மாற்ற வேண்டும். மாற்றிய பிறகு அளவு பாலினாமியலுக்குள் நிற்கிறதா என்று எண்ணிப் பார்த்துக்கொள். என்பி என்ற கடினப் படிக்கு 3-சாட், அதற்கு மேற்பட்டதாகக் கருதப்படும் பிஸ்பேஸுக்கு க்யூ.பி.எஃப்., எந்த நிரலாலும் தீர்க்கவே முடியாது என்று காட்ட டொமினோ டைலிங் என்ற ஓடு பதிக்கும் கணக்கு. பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்று ஒத்துவரும்.

நிரலைச் சோதிக்க, மூன்று நான்கு உறுப்பு வரை எல்லா மாதிரிகளையும் மூர்க்கமாகத் தேடும் ஒரு குட்டி நிரலைத் தனியாக எழுது. சின்னச் சின்ன உள்ளீடுகளை ரேண்டமாக உண்டாக்கி இரண்டிலும் ஓட்டு. குட்டி நிரல் மாதிரி ஒன்றைக் கண்டுபிடித்து, உன் நிரல் 'முரண்பாடு' என்றால் பிழை உறுதி. மறுதிசையில் அப்படிச் சொல்ல முடியாது. மாதிரி பெரிதாக இருக்கலாம், முடிவில்லாததாகவும் இருக்கலாம். நேரம் தாண்டி நின்றுபோன உள்ளீடுகளைச் சராசரியிலிருந்து நீக்கிவிடாதே. அவை எத்தனை என்று தனியாகப் போடு.

கடைசி அத்தியாயத்துக்கு 'பொதுவாக' என்றொரு ஆபரேட்டரும் வைத்திருக்கிறாய். விதிவிலக்குகளைக் குறைந்தபட்சமாக்கினால் போதும் என்கிறாய். 1986-ல் ஹாங்க்ஸ், மெக்டெர்மட் என்ற ஆய்வாளர்கள் காட்டிய துப்பாக்கிக் கணக்கை அதில் போட்டுப் பார்த்தாயா? துப்பாக்கியில் குண்டு போடு, கொஞ்சம் காத்திரு, சுடு. ஆள் சாகிறார் என்பது ஒரு மாதிரி. காத்திருக்கையில் குண்டு காரணமே இல்லாமல் மறைந்து ஆள் பிழைத்துக்கொள்கிறார் என்பது இன்னொன்று. விதிவிலக்கைக் குறைப்பது என்ற அளவில் இரண்டும் சமம். வரையறைக்கு எது சரி என்று தெரியாது. பார்க்க அழகாக இருந்த வரையறை, மூன்று செயலில் கவிழ்ந்தது. அந்த அத்தியாயத்தை இப்போதைக்கு எடுத்துவிடு என்பேன்.

அடுத்த மடலில் அறிமுகம், உந்துதல் எதுவும் வேண்டாம். ஆபரேட்டரின் செமான்டிக்ஸ் (துல்லியமான பொருள் வரையறை), அது மட்டுமே சொல்லக்கூடிய ஓர் எடுத்துக்காட்டு, பழைய ஆபரேட்டர்களால் அதைச் சொல்ல முடியாது என்பதற்கான நிரூபணம். இவை மூன்றையும் இரண்டு பக்கத்துக்குள் எழுதி அனுப்பு. நிரூபணம் வராவிட்டால் முதல் இரண்டு போதும், மூன்றாவதைச் சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
அம்மா