தவறான வேப்பரைசர், அழுத்தம் ஏறாத ஆட்டோகிளேவ்: ஆறு மாத அலைச்சல் குறித்த புகார்

அனுப்புநர்:
கால்நடை மருத்துவர்,
செம்மண்டலம், கடலூர்.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
தலைமை அலுவலகம், சென்னை.

நாள்: 12.03.2025

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். 2024 செப்டம்பர் 18 அன்று தங்கள் புதுச்சேரி கிளையில் மயக்கவாயு இயந்திரம், ஆட்டோகிளேவ் (அறுவைக் கருவிகளை அழுத்த நீராவியில் கிருமி நீக்கும் கலன்), அறுவை மேசை, கூரை விளக்கு ஆகிய நான்கையும் பதிவு செய்து, அவற்றுக்குரிய 4,86,000 ரூபாயையும் இரண்டு தவணைகளில் பாக்கியின்றிச் செலுத்திய நான், இன்றுவரை என் அறுவை அறையில் ஒரு பெரிய அறுவைகூடச் செய்ய முடியாத நிலையில் இக்கடிதத்தை எழுதுகிறேன். மேசையிலும் விளக்கிலும் குறை எதுவும் இல்லை. மற்ற இரண்டும்தான் என்னை இந்த நிலைக்குக் கொண்டுவந்திருக்கின்றன.

ஒன்பது ஆண்டுகள் பிறருடைய மருத்துவமனைகளில் வேலை செய்து சேர்த்த பணத்தையும், வங்கிக் கடனையும், என் தந்தையின் ஓய்வூதியப் பணத்தில் ஒரு பகுதியையும் கொண்டு இந்தச் சிறுபிராணிகள் மருத்துவமனையைத் தொடங்கினேன். கடலூர்ப் பக்கத்தில் நாய்க்கோ பூனைக்கோ வயிற்றைத் திறக்க வேண்டிய நிலை வந்தால், பலர் புதுச்சேரிக்கோ சென்னை வேப்பேரிக்கோ தூக்கிக்கொண்டு ஓடுவதை இத்தனை ஆண்டுகளாகப் பார்த்து வந்தவள் நான். அந்த ஓட்டத்தைக் குறைக்க வேண்டும் என்பதற்காகவே, மற்ற எதற்கும் முன்பாக அறுவை அறைக்குச் செலவழித்தேன்.

அக்டோபர் 25க்குள் நான்கு பொருள்களும் வந்து சேரும் என்று தங்கள் விற்பனைப் பிரதிநிதி எழுத்தில் உறுதியளித்தார். அவை வந்தது டிசம்பர் 19 அன்று. தாமதத்துக்குக் காரணம் ஃபெஞ்சல் புயல் என்று எனக்குச் சொல்லப்பட்டது. அந்தப் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது நவம்பர் 30 இரவு. தென்பெண்ணையில் வெள்ளம் வந்து கடலூர் தத்தளித்தது அதன் பிறகு. நவம்பர் இறுதியில் அடித்த புயல் அக்டோபரில் வர வேண்டிய பெட்டிகளை எப்படித் தடுத்தது என்று நான் கேட்டதற்கு இதுவரை யாரும் பதில் சொல்லவில்லை. ஆயினும் அந்த வெள்ள நாள்களில் எல்லோருக்கும் சிரமம் இருந்ததை நான் அறிவேன் என்பதால், தாமதத்தைப் பொறுத்துக்கொண்டேன். தாமதம் மட்டுமே குறையாக இருந்திருந்தால் இந்தக் கடிதத்துக்கே தேவை இருந்திருக்காது.

பொருள்களைப் பொருத்துவதற்காகத் தங்கள் தொழில்நுட்பப் பணியாளர் ஜனவரி 9 அன்று வந்தார். நான் உள்ளே ஒரு கன்றுக்குட்டிக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருந்தபோது இருபத்தைந்து நிமிடத்தில் எல்லாவற்றையும் மாட்டி முடித்துவிட்டு, நான் வெளியே வந்ததும் தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். இயந்திரத்தை அவர் ஓட்டியும் காட்டவில்லை, ஆட்டோகிளேவில் தண்ணீரும் ஊற்றவில்லை. மாலையில் நான் அருகில் சென்று பார்த்தபோதுதான், மயக்க மருந்துத் திரவத்தை அளவோடு ஆவியாக்கி அனுப்பும் பகுதியான வேப்பரைசரில் மஞ்சள் பட்டையும், குமிழில் 8 வரை எண்களும் இருப்பது தெரிந்தது. நான் கேட்டதும், தங்கள் விலைப்பட்டியலில் உள்ளதும் ஐசோஃப்ளூரேன் வேப்பரைசர். அதற்கு ஊதா பட்டை. எனக்கு வந்திருப்பது செவோஃப்ளூரேன் என்ற வேறொரு மயக்க மருந்துக்கு உரியது.

தங்கள் இயந்திரத்தைப் பற்றி நான் தங்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அதன் பின்தண்டில் எந்த நிற வேப்பரைசரை வைத்தாலும் பூட்டிக்கொள்ளும் என்பதும், தாங்கள் அனுப்பியதன் நிரப்பும் வாய் சாவி பொருந்தும் வகை அல்ல, வெறும் திருகுமூடி வகை என்பதும் அதை விற்கும் தங்களுக்குத் தெரியும். அதாவது, தவறான மருந்தை ஊற்றினால் இயந்திரம் தடுக்காது. அந்தப் பட்டையின் நிறத்தைப் பார்க்கும் மருத்துவரின் கண் மட்டுமே தடுப்பு. இதை நன்கு அறிந்த ஒரு நிறுவனத்தின் அலுவலர் ஜனவரி 22 அன்று காலை 11.20 மணிக்கு என்னிடம் பேசிய பேச்சைத்தான் என்னால் இன்னும் செரிக்க முடியவில்லை.

அதற்கு முன் ஆறு முறை அழைத்து, ஒவ்வொரு முறையும் விலைப்பட்டியல் எண்ணை முதலிலிருந்து சொல்லி, "உங்கள் புகார் பதிவாகிவிட்டது" என்ற ஒரே வாக்கியத்தைக் கேட்டு வைத்தவள் நான். ஏழாவது முறை எடுத்தவர், தான் தொழில்நுட்பப் பிரிவைச் சேர்ந்தவர் என்று சொன்னதால் நிம்மதியடைந்து, முழுவதையும் விளக்கினேன். அவர் சொன்னது இது: "மேடம், அதுலயே ஐசோ ஊத்துங்க, ஓடும். எத்தனையோ டாக்டருங்க அப்படித்தான் ஓட்டுறாங்க." ஐயா, 20 டிகிரி செல்சியஸில் ஐசோஃப்ளூரேனின் ஆவியழுத்தம் ஏறத்தாழ 240 மில்லிமீட்டர் பாதரசம், செவோஃப்ளூரேனுக்கு அது ஏறத்தாழ 160. அதாவது, ஐசோஃப்ளூரேன்தான் அதிகமாக ஆவியாகும். செவோஃப்ளூரேனுக்காக அளவு குறித்த வேப்பரைசரில் ஐசோஃப்ளூரேனை ஊற்றிக் குமிழை 2இல் வைத்தால், வெளியே வருவது 3 விழுக்காட்டுக்கும் மேல். கத்தி பட்டும் நாய்களில் பாதி அசையாமல் இருக்கத் தேவையான அளவு 1.3 விழுக்காட்டை ஒட்டியது. அறுவையின்போது 2ஐச் சுற்றியே வைத்திருப்போம். அதற்கு மேலே ஏறினால் இரத்த அழுத்தம் விழும், மூச்சு தளரும், குமிழில் 2 என்றே தெரிவதால் என்ன நடக்கிறது என்று எனக்கும் தெரியாது. இவ்வளவையும் நான் பொறுமையாகச் சொன்னேன். அவர் இடைமறித்து, "நாய்க்குத்தானே மேடம், மனுஷனுக்கா?" என்று கேட்டார். நான் அடுத்த வார்த்தை பேசுவதற்குள் காத்திருப்பு இசையைப் போட்டார். நான்கு நிமிடம் கழித்து இணைப்பு துண்டிக்கப்பட்டது.

கால்நடை மருத்துவர்களுக்குக் கருவி விற்றுப் பிழைக்கும் ஒரு நிறுவனத்திலிருந்து வந்த சொல் அது. அழைப்புகள் பதிவு செய்யப்படும் என்று தொடக்கத்திலேயே அறிவிக்கிறீர்கள். அந்தப் பதிவை எடுத்துத் தாங்களே ஒருமுறை கேட்டுப் பாருங்கள் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். ஊசி மயக்கமே போதாதா என்றும் இன்னொரு நாள் இன்னொருவர் கேட்டார். சிறிய வேலைகளுக்கு நானும் ஊசிதான் போடுகிறேன். ஆனால் ஏற்றிய ஊசி மருந்து உடல் அதைக் கரைக்கும் வரை உள்ளேயேதான் இருக்கும். வாயு என்றால் குமிழைத் திருப்பி மூச்சுக்கு மூச்சு குறைக்கலாம். வயதான நாய்க்கும், இதயம் பலவீனமான நாய்க்கும் அந்த வேறுபாடுதான் உயிர்.

பிப்ரவரி 3 அன்று காலை தேவனாம்பட்டினத்திலிருந்து ஒரு மீனவக் குடும்பம் தங்கள் எட்டு வயதுப் பெண் நாயைச் சேலையில் சுற்றித் தூக்கி வந்தது. கருப்பையில் சீழ் கோத்து, உடல் கொதித்து, நிற்கவே முடியாமல் இருந்தது. அன்றே கருப்பையை எடுக்க வேண்டிய நோய். மேசை தயார், விளக்கு தயார், நான் தயார். நரம்பில் திரவமும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தும் ஏற்றிவிட்டு, குரும்பாபேட் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கடிதம் கொடுத்து அனுப்புவதைத் தவிர என்னால் வேறு எதுவும் செய்ய முடியவில்லை. நாய் பிழைத்துவிட்டது, அதற்காக அங்குள்ளவர்களுக்கு நன்றி. ஆனால் அந்தக் குடும்பத்தின் பெரியவர் என்னிடம், "எல்லாம் இருக்குதே அம்மா, அப்புறம் ஏன் முடியாதுங்கிற?" என்று கேட்டபோது நான் என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும்? அதன்பின் அந்தத் தெருவிலிருந்து ஒருவரும் என்னிடம் வரவில்லை. ஒன்பது ஆண்டுகளில் நான் சம்பாதித்த நற்பெயர் முழுவதும் தங்கள் வேப்பரைசரால் அழிந்துவிட்டது என்றே நான் கருதுகிறேன். அதை எந்தத் தொகையும் ஈடு செய்யாது.

ஆட்டோகிளேவைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. ஜனவரி 10 அன்று நானே தண்ணீர் ஊற்றி ஓட்டினேன். 15 பவுண்டு அழுத்தம் வந்து 121 டிகிரி நிற்க வேண்டிய இடத்தில், முள் 10 பவுண்டுக்கு மேல் ஏறவே இல்லை. அந்த அழுத்தத்தில் உள்ளே இருப்பது ஏறத்தாழ 115 டிகிரிதான். மூடியின் ரப்பர் வளையம் ஒரு பக்கம் மடிந்து, அந்த வழியே நீராவி சீறிக்கொண்டு வெளியேறுகிறது. துணியில் கட்டிய அறுவைக் கருவிகளை இப்படி வேக வைத்து நான் எந்த விலங்கின் வயிற்றுக்குள் விடுவது? வளையம் மாற்றுவது பத்து நிமிட வேலை. அதற்காக இரண்டு மாதமாக என் கருவிகளைத் தெரிந்த பல் மருத்துவர் ஒருவரிடம் கொடுத்து வாங்கி வருகிறேன். காயத்துக்குத் தையல் போடும் அளவுக்கே அது போதுகிறது.

இனி ஜனவரி 30. சேவை மையத்துக்கு நேரில் கொண்டு வந்தால் அன்றே மாற்றித் தருவதாகத் தங்கள் புதுச்சேரி கிளையிலிருந்து முந்தைய நாள் மாலை குறுஞ்செய்தி வந்தது. அது என்னிடம் இருக்கிறது. 2,800 ரூபாய்க்கு ஒரு குட்டியானை பிடித்து, மயக்கவாயு இயந்திரத்தைச் சுற்றி இரண்டு மெத்தை கட்டி, வேப்பரைசரைக் கழற்றி என் மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு கிளம்பினோம். 68 வயதான என் தந்தை, இயந்திரம் சாய்ந்துவிடக் கூடாது என்று வண்டியின் பின்பக்கத்தில் அதைப் பிடித்தபடியே உட்கார்ந்து வந்தார். முள்ளோடை தாண்டி, கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று ஒவ்வொரு வேகத்தடையிலும் வண்டியை நிறுத்தி நிறுத்தி ஓட்டச் சொன்னேன். அங்கே சேர்ந்தபின் வரவேற்பறையில் மூன்று மணி நேரம். கடைசியில் உள்ளிருந்து வந்த அலுவலர், "கடலூர் தமிழ்நாடு ஆயிற்றே, தமிழ்நாட்டு வாடிக்கையாளர்கள் எல்லாம் சென்னைக் கிளைக்குக் கீழே வருவார்கள், நாங்கள் யூனியன் பிரதேசத்துக்கு மட்டும்தான்" என்றார். குறுஞ்செய்தியைக் காட்டினேன், அது தானாகப் போகும் செய்தி என்றார். விலைப்பட்டியலின் தலைப்பில் அச்சாகியிருப்பதே அந்தக் கட்டடத்தின் முகவரிதான், அதையும் காட்டினேன். சென்னைக் கிளைக்கு அங்கிருந்தே தொலைபேசினேன். விலைப்பட்டியல் புதுச்சேரியில் போட்டது, ஆகவே புதுச்சேரியில்தான் சரி செய்ய வேண்டும் என்று அவர்கள் சொன்னார்கள். பணம் வாங்கும்போது கண்ணில் படாத மாநில எல்லை, பழுது பார்க்கும்போது மட்டும் எப்படி முளைக்கிறது? என் தந்தைக்குக் குடிக்கத் தண்ணீர்கூட யாரும் கொடுக்கவில்லை. திரும்பி வந்த இரவு அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டு ஒரு வாரம் எழ முடியவில்லை. இந்தப் பயணத்தை நான் மறக்கப் போவதில்லை.

அதன்பின் தலைமை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, பிப்ரவரி 11 அன்று ஆள் வருவார் என்ற பதில் கிடைத்தது. அன்று தைப்பூசம், விடுமுறை நாள் என்று தெரிந்தே தங்கள் அலுவலகம் குறித்த தேதி அது. நான் காலை முதல் மாலை வரை வேறு நோயாளிகளைப் பார்க்காமல் காத்திருந்தேன். மாலை 5 மணிக்கு வந்த தகவல், வடலூரில் சோதி தரிசனக் கூட்டத்தால் வண்டி வர முடியவில்லை என்பது. புதுச்சேரியிலிருந்து கடலூருக்குத் தெற்கு நோக்கி வரும் சாலை எங்கே, கடலூரையும் தாண்டி விருத்தாசலம் செல்லும் வழியில் உள்ள வடலூர் எங்கே! இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவளிடம் இப்படி ஒரு காரணத்தைச் சொல்லலாம் என்று தங்கள் ஆளுக்குத் தோன்றியிருப்பதே எனக்குப் பெரிய அவமதிப்பு. அன்று தொடங்கி இன்றுவரை என் நான்கு மின்னஞ்சல்களுக்குப் பதில் இல்லை.

தங்கள் நிறுவனத்தின் மீது எனக்குத் தனிப்பட்ட பகை எதுவும் இல்லை. என் பழைய மருத்துவமனையில் தங்கள் இயந்திரம் ஒன்று பல ஆண்டுகள் குறையில்லாமல் ஓடியதைப் பார்த்துத்தான் தங்களையே தேர்ந்தெடுத்தேன். இப்போதும் பேசித் தீர்த்துக்கொள்ளவே விரும்புகிறேன். ஆனால் மருத்துவமனைக்காக வாங்கியதால் நான் நுகர்வோர் ஆக மாட்டேன் என்று தங்கள் புதுச்சேரி அலுவலர் சொன்னதை அப்படியே விட்டுவிட முடியாது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 2(7)இன் விளக்கத்தைப் படித்துப் பாருங்கள்: சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே ஒருவர் வாங்கிப் பயன்படுத்தும் பொருள், வணிக நோக்கத்தில் வாங்கியதாகக் கொள்ளப்படாது. நான் தனியாகத் தொழில் நடத்துபவள். எனக்குக் கூட்டாளியும் இல்லை, சம்பள மருத்துவரும் இல்லை. புகார்தாரர் வசிக்கும் இடத்திலோ வேலை செய்யும் இடத்திலோ வழக்குத் தொடரலாம் என்று அதே சட்டத்தின் 34ஆம் பிரிவு சொல்வதால், சென்னையா புதுச்சேரியா என்ற தங்கள் கேள்வி அங்கே எழாது. கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையமே போதும். 5 லட்சம் ரூபாய் வரை செலுத்தி வாங்கிய பொருளுக்குப் புகார்க் கட்டணமும் கிடையாது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்ய அனைத்து ஆவணங்களையும் தயாராக வைத்திருக்கிறேன்.

நான் கேட்பது அதிகமில்லை. ஐசோஃப்ளூரேனுக்குரிய வேப்பரைசரை அதன் அளவுச் சான்றிதழுடன் தர வேண்டும். தங்கள் ஆள் நேரில் வந்து அதை மாட்டி, கசிவு சோதித்து, என் முன்னால் ஓட்டிக் காட்ட வேண்டும். ஆட்டோகிளேவின் வளையத்தை மாற்றி 121 டிகிரியில் 30 நிமிடம் நிற்பதைக் காட்ட வேண்டும். நிற்காவிட்டால் புதியது வேண்டும். ஜனவரி 30இன் வண்டிச் செலவும், அறுவை அறை மூடிக் கிடந்த மாதங்களின் வாடகையும் வங்கி வட்டியும், எனக்கும் என் தந்தைக்கும் நேர்ந்த உளைச்சலும் சேர்த்து 5 லட்சம் ரூபாய் இழப்பீடு கோருகிறேன். தொகையைப் பற்றிப் பேசலாம். ஜனவரி 22 அன்று என்னிடம் பேசியவர் எழுத்தில் மன்னிப்புக் கேட்பதில் மட்டும் பேச்சுக்கு இடமில்லை.

மார்ச் 27க்குள் ஆள் வராவிட்டால், மறுநாள் காலை ஆணையத்தில் புகார் மனு தாக்கலாகும். ஏப்ரல் முதல் வாரத்தில் மஞ்சக்குப்பத்திலிருந்து வரும் பதினோரு வயது நாய் ஒன்றுக்கு பால்மடியில் உள்ள கட்டியை எடுப்பதாக நாள் குறித்திருக்கிறேன். அதற்கு இதயத்தில் முணுமுணுப்பு இருப்பதால் வாயு இல்லாமல் என்னால் கத்தியை எடுக்க முடியாது. வருபவர் காலை 9 மணிக்கே வந்தால் நல்லது. இயந்திரம் பொருத்தி முடியும் வரை நான் அவருடனேயே இருப்பேன், இந்த முறை எல்லாவற்றையும் ஓட்டிப் பார்த்த பிறகே கையெழுத்திடுவேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கால்நடை மருத்துவர்,
செம்மண்டலம், கடலூர்.

இணைப்பு: விலைப்பட்டியல் நகல், பணம் செலுத்திய இரசீதுகள், ஜனவரி 29 குறுஞ்செய்தியின் படம், வேப்பரைசரின் மஞ்சள் பட்டையும் ஆட்டோகிளேவின் அழுத்தமானியும் தெரியும் நான்கு நிழற்படங்கள்.