நனைத்த சாக்கு

முரசுமோட்டை,
ஆவணி 10

அன்பின் மச்சான்,

உன்னுடைய மூன்று குரல்பதிவுகளையும் கேட்டேன். திருப்பிப் பேசி அனுப்பப் பார்த்தேன், சரிவரவில்லை. போனை வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு தனியே கதைத்தால் மகள் சிரிக்கிறாள். எழுதுவதுதான் எனக்கு இலேசு.

ஊர்ப் புதினம் முதலில். அம்மாவுக்கு முழங்கால் வலி, மற்றபடி சுகம். சிறுபோகத்துக்குப் பங்கில் கிடைத்த ஒன்றரை ஏக்கரும் வெட்டியாயிற்று. மெசினுக்கும் மருந்துக்கும் கொடுத்தது போக மிஞ்சியது வீட்டுச் சாப்பாட்டு நெல். உன் காணி வேலியை இரண்டு இடத்தில் மாடு உடைத்திருந்தது, அடைத்துவிட்டேன். மனுசி இன்னும் முகமாலைக்குத்தான் போய் வருகிறாள், மிதிவெடி எடுக்க. 2028க்குள் முடிக்க வேண்டும் என்கிறார்கள். அதற்குப் பிறகு என்ன வேலை என்று இப்போதே யோசிக்கத் தொடங்கிவிட்டாள்.

என் வேலைத்தளத்தில் ஒரு பெடியன் விழுந்தானாமே என்று கேட்டிருந்தாய். யார் உனக்குச் சொன்னார்கள் என்று தெரியும், அது கிடக்கட்டும். நடந்ததை நானே சொல்கிறேன்.

சித்திரைக் கடைசி. பரந்தன் பக்கம் ஒரு மாடிவீடு. வீட்டுக்காரர் வெளிநாட்டில். கோயில் திருவிழாவுக்கு வரும்போது மேல்வீடு முடிந்திருக்க வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் வீடியோவில் வந்து நிற்பார், தலையில் கம்பளித் தொப்பியோடு. கொங்கிறீட் போடுகிற நாள் எப்படி என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. தொடங்கினால் நிறுத்த முடியாது. நடுவில் விட்டால் ஒட்டு விழும், பிறகு மழைக்கு ஒழுகும். ஆறு மணிக்குத் தொடங்க இருந்தோம், மிக்சர் வந்து சேர எட்டரை. ஒரு மணிக்கும் பாதிதான் முடிந்திருந்தது. ஒரு இலை அசையவில்லை.

பெடியனுக்குப் பத்தொன்பது வயது. ஏ.எல். எழுதிவிட்டு, ரிசல்ட் வருமட்டும் நாலு காசு பார்க்கலாம் என்று வந்தவன். அன்றைக்கு அவனுக்கு இரண்டாவது நாள். மேசனுக்குக் கையாளாக நிற்பவனை முட்டாள் என்று கூப்பிடுகிற ஊர்தானே இது, முதல்நாள் அந்தப் பெயரைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தான். கொங்கிறீட் நிரப்பிய இரும்புத் தாச்சியைக் கைமாற்றுகிற வரிசையில் நடுவில் விட்டிருந்தேன். ஒரு மணியளவில் நீட்டிய தாச்சியை வாங்காமல் சும்மா நின்றான். "வாங்கடா" என்று சத்தம் போட்டதற்கு, "சேர், நான் ஹோம்வேர்க் செய்யேல்லை" என்றான்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் மச்சான். காலையிலேயே போட்டுவிட்டு வந்துவிட்டான் என்றார் ஒருவர். கிட்டப் போய்க் கையைப் பிடித்தால் மத்தியான வெயிலில் கிடந்த தகரம் மாதிரிச் சுட்டது. அப்படியே படியில் சரிந்தான்.

மிதிவெடி வேலைக்கு முதலுதவி படிப்பித்துத்தான் விடுவார்கள். மனுசி வீட்டில் சொன்னது ஏதோ காதில் கிடந்தது. நிழலுக்கு இழுத்து, சேட்டைக் கழற்றி, சீமெந்துக்கு வைத்திருந்த பரல் தண்ணியை வாளி வாளியாக ஊற்றினோம். சீமெந்துப் பையைக் கிழித்து இரண்டு பேர் விசிறினார்கள். ஒருவர் சோடா உடைத்து வாயில் ஊற்ற ஓடி வந்தார், தட்டிவிட்டேன். நினைவில்லாதவன் வாயில் ஊற்றினால் நெஞ்சுக்குள் இறங்கிவிடும். ஓட்டோவில் போகிற வழியெல்லாம் ஈரச் சாரத்தால் அவனைச் சுற்றிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

டொக்டர் எங்கள் மகளைவிட ஏழெட்டு வயது கூடின பிள்ளைதான். மூன்று கேள்வி கேட்டார். எத்தனை மணிக்கு வேலை தொடங்கியது, எவ்வளவு தண்ணி குடித்தான், இந்த வேலைக்கு வந்து எத்தனை நாள். "இரண்டு நாள்" என்றதும் பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். உடம்புச் சூடு 40 பாகைக்கு மேல் போனால் மூளை குழம்பும், அதுதான் பள்ளிக்கூடக் கதை கதைத்தானாம். வெயிலில் பாடுபட உடம்பு பழகுவதற்கு ஒன்றிரண்டு கிழமை எடுக்கும் என்றார். பழகின உடம்பு முந்தியே வேர்க்கத் தொடங்குமாம், வேர்வையோடு உப்பையும் அவ்வளவு விடாதாம். அதனால்தான் முதல் சில நாட்களிலேயே ஆட்கள் விழுகிறார்கள். புதிதாக வருகிறவனுக்கு முதல்நாள் ஐந்தில் ஒரு பங்கு வேலைதான் கொடுக்க வேண்டும், பிறகு நாளுக்கு நாள் கூட்டலாம் என்றார். நாங்கள் என்ன செய்கிறோம்? புதியவன் என்றால் முதல்நாளே பாரமான வேலையாகப் பார்த்துக் கொடுக்கிறோம், ஆள் தாக்குப் பிடிப்பானா என்று பார்க்க.

மூன்று நாளில் வீட்டுக்கு விட்டார்கள். கிட்னியும் கொஞ்சம் அடிபட்டிருந்ததால் சில மாதம் கிளினிக் போனான், இப்போது சுகம்.

அடுத்த நாள் விடிய வேலைத்தளத்துக்குப் போனேன். ஆட்கள் மேலே நின்று சாக்குகளை நனைத்து நனைத்துக் கொங்கிறீட்டின் மேல் விரித்துக்கொண்டிருந்தார்கள். வெயில் பட்டால் வெடித்துவிடும் என்று ஏழு நாளைக்குச் சாக்கைக் காயவே விடமாட்டோமே. ஒருவர் மேலே நின்று, "அண்ணை, இந்த மூலை காயுது, கெதியாத் தண்ணி தாங்கோ" என்று கத்தினார். நான் ஏணிக்குக் கீழே வாளியோடு நின்றேன். முந்தின நாள் அந்தப் பெடியன் எத்தனை தரம் தண்ணி குடித்தான் என்று யோசித்துப் பார்த்தேன், எனக்குத் தெரியவில்லை.

மனுசியின் வேலையைப் பற்றி உனக்கு எழுதியிருக்கிறேனா? கனமான மேலங்கி, முகத்தை மூடிய தடித்த கண்ணாடி. அதற்குள் வெக்கை எப்படி இருக்கும். ஆனால் வெள்ளாப்பிலேயே தொடங்குவார்கள், இவ்வளவு நேரம் வேலை, இவ்வளவு நேரம் ஓய்வு என்று கணக்கு. விசில் ஊதினால் கையில் இருப்பதை வைத்துவிட்டு நிழலுக்கு வரவேண்டும். இன்னும் கொஞ்சம் கிண்டிவிட்டு வருகிறேன் என்று சொல்ல முடியாது. களைத்த கை அங்கே உடனே வெடிக்கும், அதனால் ஓய்வும் வேலையின் ஒரு பகுதி. என் ஆட்களின் களைப்பு சத்தம் போடுவதில்லை. பத்து வருடம் கழித்துக் கிளினிக் வரிசையில்தான் தெரியும்.

நெடுங்கேணி மாமாவை நினைத்துக்கொள். இப்போது கிழமைக்கு இரண்டு தரம் இரத்தம் சுத்திகரிக்க வவுனியாவுக்குப் போகிறார். அநுராதபுர மாவட்டத்துப் பதவியா, மதவாச்சிப் பக்கம் தொண்ணூறுகளில் வெளியே தெரிந்த அந்தக் கிட்னி வருத்தம் வவுனியா மாவட்டத்திலும் இருக்கிறது. கிணற்றுத் தண்ணி என்பார்கள், புளோரைட் என்பார்கள், பூச்சிமருந்து என்பார்கள். விஞ்ஞானிகள் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. ஆனால் நிக்கரகுவா, எல் சல்வடோர் கரும்புத் தோட்டங்களிலும் இதே மாதிரி, சீனி வருத்தமோ பிறசரோ இல்லாத இளம் ஆட்களுக்குக் கிட்னி பழுதாகிறது. அங்கே வெயிலும் தண்ணி குடிக்காத பாடும் பெரிய காரணம் என்று பார்க்கிறார்கள். நிழல், தண்ணி, ஓய்வு மூன்றையும் ஒழுங்காகக் கொடுத்த இடங்களில் கிட்னி அடிபடுவது குறைந்ததாம். மாமா நாற்பது வருடம் மண்வெட்டியோடு நின்றவர். வயலில் தண்ணி குடித்தால் வேலை கெடும் என்று சொல்லிச் சொல்லியே எங்களை வளர்த்தவர்.

நீ அனுப்பிய ஐ.எல்.ஓ., அதுதான் சர்வதேசத் தொழில் அமைப்பின், அறிக்கையை மகள் வாசித்துச் சொன்னாள். உலகத்தில் 240 கோடி தொழிலாளர்கள் வேலையிடத்தில் அளவுக்கு மிஞ்சிய வெக்கைக்குள் நிற்கிறார்களாம், பத்துப் பேரில் ஏழு பேர். வருடத்துக்கு 18,970 பேர் அதனால் சாகிறார்களாம். இந்தத் தொகைக்குள் எங்கள் பக்கத்து ஆட்கள் எத்தனை பேர் எழுதப்பட்டிருப்பார்கள்? இங்கே யாராவது வயலில் விழுந்தால் "அட்டாக்" என்று சொல்லி எடுத்து அடக்கம் செய்துவிடுவோம்.

உங்கள் கட்டாரில் ஆனி முதலாம் திகதியிலிருந்து புரட்டாதி 15 வரை காலை பத்திலிருந்து பின்னேரம் மூன்றரை மட்டும் வெளிவேலை கூடாது என்று 2021இலேயே சட்டம் போட்டுவிட்டார்கள் என்றாய். அதற்கு மேலும் நீ சொன்ன அந்த வெக்கை அளக்கிற மீற்றர் 32.1 பாகைக்கு மேல் காட்டினால் எந்த நேரமென்றாலும் நிறுத்த வேண்டும். நல்லதுதான். 2022 உலகக் கிண்ணத்துக்கு முழு உலகமும் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தது, செத்தவர்கள் கதை வெளியே வந்தது. எங்கள் வேலைத்தளத்தை யார் பார்க்கிறார்கள்? வீடியோவில் வீட்டுக்காரர்தான். வளிமண்டலவியல் திணைக்களம் ஒவ்வொரு கோடையும் வெப்பச் சுட்டெண் எச்சரிக்கை விடுகிறது, கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் என்று எங்கள் பெயர் வராத நாள் குறைவு. 2024இல் பிள்ளைகளை மைதானத்தில் விடவேண்டாம் என்று கல்வியமைச்சு சொன்னது. பிள்ளையின் தகப்பன் மத்தியானம் கூரையில் நிற்கலாமா என்று ஒருவரும் சொல்லவில்லை.

சரி, நான் என்ன செய்தேன் என்று கேட்பாய். நேரத்தை மாற்றினேன். விடிய ஐந்தரையிலிருந்து பத்தரை, பிறகு மூன்றரையிலிருந்து ஆறரை. சம்பளம் அதேதான். முதலில் எதிர்த்தது ஆட்கள்தான்! "மெனிக்பாமில் தறப்பாளுக்குள்ள கிடந்த நாங்கள், இதெல்லாம் ஒரு வெயிலோ" என்றார் மூத்த மேசன். உண்மைதான், 2009இல் அந்த அகதி முகாமில் நீயும் நானும் கிடந்தோம். கிடந்தோம், தாச்சி தூக்கவில்லை. அப்போது எங்களுக்கு முப்பதும் ஆகவில்லை. தூரத்தால் வருகிறவர்களுக்கு நடுவில் ஐந்து மணித்தியாலம் எங்கே போவது என்று பிரச்சினை. கட்டிய தகரக் கொட்டில் வெளியைவிடச் சூடு. இப்போது எந்தக் காணிக்குப் போனாலும் முதல் வேலை வேம்புக்குக் கீழே கிடுகால் ஒரு பத்தி இறக்குவது. ஒழுங்கைக்குள் நிற்கிற மரத்தைத் தறிக்கச் சொன்னால் வேலை முடிந்த பிறகு தறிப்போம் என்று சொல்லிவிடுகிறேன்.

தண்ணிக்குக் கான் வைத்தேன், தேசிக்காயும் உப்பும் வைத்தேன், தண்ணியில் கரைத்துக் குடிக்கிற ஜீவனி உப்புப் பைக்கற் வைத்தேன். கால் மணிக்கு ஒருதரம் ஒரு கப் என்று சொன்னேன். ஆம்பிளைகள் குடித்தார்கள். கல் சுமக்கிற மூன்று பொம்பிளைகள் மட்டும் வாயை நனைப்பதோடு சரி. வெட்கம் என்று நினைத்தேன். மனுசியை அனுப்பிக் கேட்டபோதுதான் விளங்கியது. குடித்தால் போகவேண்டும், போக இடமில்லை. இருபது வருடம் மேசன் வேலை, எத்தனை வீட்டுக்குக் கக்கூசு கட்டியிருப்பேன். வேலை செய்கிறவர்களுக்கு ஒன்று வேண்டும் என்று ஒருநாளும் தோன்றவில்லை. ஒரு கொமட்டைப் பதித்து நாலு பக்கமும் கிடுகு அடித்துக் கொடுத்தேன். ஒரு நாள் வேலை. அதற்குப் பிறகு கான் மத்தியானத்துக்கு முன்னமே காலியாகிறது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதே. அடுத்த கொந்தராத்துக்காரன் மத்தியானமும் ஓடவிட்டு என்னைவிட மூன்று நாள் முந்தி முடிக்கிறான், விலையும் குறைத்துக் கேட்கிறான். சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசி வருகிற பூச்சு மேசன்மார் நான் நிறுத்து என்றாலும் நிறுத்தமாட்டார்கள், நின்றால் அவர்களுக்குத்தான் நட்டம். வயலில் இன்னும் மோசம். மருந்தடிக்கிறவனிடம் முகத்தை மூடு என்றால் வெக்கை என்று கழற்றி வீசுகிறான். மழை தொடங்கினால் எலிக்காய்ச்சல். சுகாதாரப் பரிசோதகர் பி.எச்.ஐ. கொண்டுவந்து தருகிற தடுப்புக் குளிசையைப் பாதிப்பேர் சேட்டுப் பொக்கற்றிலேயே கரைய விடுகிறார்கள்.

கொங்கிறீட்டை இப்போது இரவில்தான் போடுகிறேன். வீட்டுக்காரரிடம் ஆட்களுக்காக என்று சொல்லியிருந்தால் லைற் வாடகை யார் தருவது என்று கேட்டிருப்பார். இரவில் போட்டால் வெடிப்பு குறையும் என்றேன், அதுவும் பொய்யில்லை, உடனே காசு அனுப்பினார்.

நீ வரும்போது வாசனைச் சோப்பும் சொக்கிளேற்றும் வேண்டாம். கறுப்பு உருண்டை வைத்த அந்த மீற்றர் பழையது ஏதும் கழிப்பார்களா என்று பார். வெயில், காற்று, ஈரம் எல்லாம் சேர்த்து அளக்கும் என்றாயே. என் வாய்ச்சொல்லை மூத்த மேசன் கேட்கமாட்டார், மெசின் காட்டினால் கேட்பார்.

இன்றைக்கு இரண்டரைக்கு எழும்ப வேண்டும். தருமபுரத்தில் ஒரு மேல்தளம், மிக்சரை இரவே கொண்டுபோய் நிறுத்தியாயிற்று. அந்தப் பெடியனும் வருகிறான். ரிசல்ட் பரவாயில்லை, கம்பஸ் கிடைக்குமட்டும் வருகிறேன் என்கிறான். தாச்சிக்கு விடவில்லை, மணிக்கூடு பார்த்து விசில் ஊதுவதும் தண்ணி கொடுப்பதும் அவன் பொறுப்பு. விசில் மனுசியுடைய பழையது.

இப்படிக்கு,
உன் கட்டையன்